மூச்சை வெளிவிடும் நேரத்தில் எடுத்த படம்: 19 மாதக் குழந்தையின் இடது மூச்சுக்கிளையில் சிக்கிய நிலக்கடலை – ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று வாரங்களாக இருமலுக்கும், அதன் பிற்பகுதியில் வலப்பக்க நிமோனியா என்ற முடிவின் பேரிலும் சிகிச்சை பெற்றுவந்த 19 மாத ஆண் குழந்தை ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. குழந்தையின் நோய் இடப்பக்கத்தில் இருந்தது. மூச்சுக்குழாயிலிருந்து இடது நுரையீரலுக்குப் பிரியும் இடது மூச்சுக்கிளையில் நிலக்கடலைப் பருப்பின் ஒரு பாதி அடைத்துக்கொண்டிருந்ததை, மூச்சை வெளிவிடும் நேரத்தில் எடுக்கப்பட்ட ஒரே ஒரு கூடுதல் எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுத்தது. மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களும் வேறுபட்டுத் தெரியும்போது அவற்றில் எது நோயுற்றது என்று தீர்மானிப்பது தோன்றுவதைவிடக் கடினமான காரியம் என்பதையும், சிறு குழந்தைகளில் படம் மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அந்தத் தீர்மானம் சரியாகவோ தவறாகவோ அமைகிறது என்பதையும் இந்த நிகழ்வை முன்வைத்து விளக்க விரும்புகிறேன். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நோயின் வரலாறு

குழந்தையின் குடும்பம் கல்லணைக் கால்வாய் பாயும் பகுதியைச் சேர்ந்தது; ஊர் வழக்கில் அதைப் புதாற்றுப் பாசனம் என்பார்கள். மேட்டூர்த் திட்டத்தின் ஒரு பகுதியாக 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கால்வாயின் சுற்றுப்புறங்களில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களில், நெல்லோடு நிலக்கடலையும் பயிராகிறது. மார்கழிப் பட்டத்து விதைப்புக்கு வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கடலையைக் கையாலேயே உடைத்துப் பருப்பெடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பருப்பு பிளந்துவிட்டால் விதைக்கு ஆகாது என்பதே காரணம். பிளந்த பருப்பும் உடைந்த துண்டும் விதைக்கென ஒதுக்கப்படாமல் தரையிலேயே கிடக்கும். தவழ்ந்தும் தத்தித்தத்தியும் நடக்கும் வயதுக் குழந்தையின் கை எட்டும் உயரம் அதுதான் என்பதால், இந்த வேளாண் விவரத்துக்கு நோயின் வரலாற்றில் இடமுண்டு.

மார்கழியின் தொடக்கத்தில் குழந்தைக்கு இருமல் வந்தது. அந்தப் பருவத்தில் டெல்டாவில் இருமாத குழந்தையைப் பார்ப்பது அரிது. பனி, சளி என்று குடும்பத்தார் எண்ணியதில் வியப்பில்லை. முதலில் இருமல் மருந்தும், பிறகு சில நாட்கள் நெபுலைசரும் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தபோது வெளியிடம் ஒன்றில் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. அதில் வலது நுரையீரல் இடதைவிட வெளுத்துத் தெரிந்ததால் வலப்பக்க நிமோனியா என்று கருதப்பட்டு ஆன்டிபயாடிக் ஒரு சுற்றும், பின்னர் வேறொரு மருந்துக்கு மாற்றி மற்றொரு சுற்றும் கொடுக்கப்பட்டன. மருந்து கொடுக்கும் நாட்களில் காய்ச்சல் தணிவதும், நிறுத்திய சில நாட்களில் திரும்புவதுமாக இருந்தது. இருமல் ஒரு நாளும் முழுமையாக நிற்கவில்லை.

மூன்றாம் வார முடிவில் குழந்தையைப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர் எங்கள் கதிரியல் பிரிவுக்கு எழுதிய சீட்டில் இரண்டு வரிகளே இருந்தன: இடப்பக்கம் மூச்சொலி குறைவு, மூச்சை வெளிவிடும்போது இடப்பக்கம் மட்டும் மெல்லிய இளைப்பு. கையிலிருந்த படம் வலப்பக்கத்தைச் சுட்டியது. ஸ்டெதாஸ்கோப் இடப்பக்கத்தைச் சுட்டியது. இந்த முரண்பாட்டைப் பொருட்படுத்தி, பழைய படத்தின் முடிவை அப்படியே ஏற்காமல், மறுபடம் கேட்டதுதான் இந்த நிகழ்வில் நோயைக் கண்டறிவதற்கான முதல் படி. அதற்கான பெருமை அந்த மருத்துவரைச் சேரும்.

குழந்தை சோர்ந்திருக்கவில்லை, கையில் கிடைத்ததை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 44. ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நிமிடத்துக்கு 40-ம் அதற்கு மேலும் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இரத்த ஆக்சிஜன் 95 சதவீதம். காய்ச்சல் அன்று இல்லை.

குழந்தையோடு தாயும் அப்பாயியும் வந்திருந்தார்கள். ‘ஏதாவது பொருளை விழுங்கினானா’ என்ற கேள்வி தாயிடம் முன்பே கேட்கப்பட்டு, ‘இல்லை’ என்ற பதில் சீட்டில் பதிவாகியிருந்தது. விழுங்கியதை யாரும் பார்க்காததால் அந்தப் பதில் நேர்மையானதே. நான் அப்பாயியிடம் பொருளைப் பற்றிக் கேட்காமல், இருமல் தொடங்குவதற்கு முன்னால் எப்போதாவது திடீரென்று புரையேறி மூச்சு முட்டியதா என்று கேட்டேன். “ஆமாங்கம்மா, ஏறுச்சு. நான் திண்ணையில கடலை ஒடைச்சுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல ஒக்காந்து வெளையாடிக்கிட்டு இருந்தான். திடீர்னு பொரையேறி, இருமி இருமி மூஞ்செல்லாம் செவந்துபோச்சு. உச்சந்தலையில தட்டுனேன், கொஞ்ச நேரத்துல சரியாயிட்டான். அவங்க அப்பா வெளிநாட்டுல இருக்கான்ல, அவன்தான் நெனைக்கிறான்னு சொன்னேன்” என்றார்.

புரையேறினால் தலையில் தட்டுவதும், தொலைவில் இருப்பவர் நினைக்கிறார் என்று சொல்வதும் நம் வீடுகளில் அன்பின் பேச்சு. நோயாக யாரும் அதை எண்ணுவதில்லை. ஆகவே மருத்துவரிடம் சொல்லவும் தோன்றுவதில்லை. மூச்சுக்குழாயில் பொருள் நுழைந்த நிகழ்வுகளில் மூன்று கட்டங்கள் உண்டு: புரையேறி மூச்சு முட்டும் சில நிமிடங்கள், பொருள் ஓரிடத்தில் தங்கி, அனிச்சைச் செயல்கள் ஓய்ந்து, குழந்தை நலமாகத் தோன்றும் இடைவெளி, பிறகு வீக்கமும் தொற்றும் காய்ச்சலும் வரும் காலம். நடுவில் உள்ள அமைதியான இடைவெளி சில மணி நேரமாகவும் இருக்கலாம், வாரக்கணக்கிலும் நீளலாம். பெற்றோர் மருத்துவரிடம் வரும்போது மூன்றாம் கட்டத்தை மட்டுமே சொல்கிறார்கள். முதல் கட்டத்தைக் கேட்டுப் பெறுவது நம் வேலை. அன்று குழந்தையோடு யார் இருந்தாரோ அவரிடமே அதைக் கேட்க வேண்டும்.

முதல் படத்தின் மறுவாசிப்பு

வெளியிடத்துப் படம் குழந்தையைப் படுக்கவைத்து முன்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. நோயைத் தேடுவதற்கு முன் படத்தின் தரத்தைப் பார்க்க வேண்டும். குழந்தை ஒருபக்கமாகத் திரும்பியிருந்தாலே ஒரு நுரையீரல் கறுத்தும் மற்றது வெளுத்தும் தெரியும் என்பதால், காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா, விலா எலும்புகளின் முன்முனைகள் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தேன். சிறிதளவு திரும்பல் இருந்தது. ஆனால் படத்தில் கண்ட வேறுபாட்டை விளக்க அது போதாது. உதரவிதானம் தாழ்ந்திருந்ததால், மூச்சு நன்றாக உள்ளிழுக்கப்பட்ட நிலையில் எடுத்த படம் என்பது உறுதியானது. வழக்கமான அளவுகோலின்படி அது நல்ல படம். அதனால்தான் அது தவறான பக்கத்தைக் காட்டியது.

வலது நுரையீரல் வெளுத்திருந்தது உண்மை. ஆனால் நிமோனியாவில் காற்றுப்பைகள் நீரால் நிறையும்போது, அதை ஒட்டியுள்ள இதயத்தின் விளிம்போ உதரவிதானத்தின் கோடோ மங்கி மறையும். வெண்மைக்கு நடுவே காற்றுள்ள மூச்சுக்கிளைகள் கறுத்த கோடுகளாகத் தெரியும். இங்கே இதயத்தின் வல விளிம்பு கூர்மையாக இருந்தது, உதரவிதானம் தெளிவாக இருந்தது, கறுத்த கோடுகள் இல்லை. வெண்மை முழுவதும் இரத்தக் குழாய்கள் நெருங்கிச் செல்வதை விளிம்பு வரை தொடர்ந்து பார்க்க முடிந்தது. இடது நுரையீரலோ கறுத்தும் சற்றுப் பெருத்தும் இருந்தது. அதன் குழாய்கள் மெலிந்து விலகியிருந்தன. இடப்பக்க விலா இடைவெளிகள் சற்று அகன்றிருந்தன. இயல்பாகவே வலதைவிடத் தாழ்ந்திருக்கும் இட உதரவிதானம் மேலும் தாழ்ந்து தட்டையாகியிருந்தது.

இப்படிப்பட்ட படத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. வலது நுரையீரல் நோயால் சுருங்கியதால் இடது நுரையீரல் இடத்தை நிரப்ப விரிந்திருக்கலாம். அல்லது இடது நுரையீரலில் காற்று சிறைப்பட்டுப் பெருத்ததால் நலமான வலது நுரையீரல் நெருக்குண்டு வெளுத்துத் தெரியலாம். கண் இயல்பாக வெண்மையை நோக்கியே போகும். வெண்மையைத்தான் நோய் என்று கற்றிருக்கிறோம். மூச்சை உள்ளிழுத்த நிலையில் எடுத்த ஒற்றைப் படம், எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், இந்த இரண்டில் எது என்று சொல்லாது. அதற்கான விடை மூச்சின் மறுபாதியில் இருக்கிறது: உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் அளவு மாறாமல் இருக்கும் நுரையீரலே நோயுற்ற நுரையீரல்.

காரணம் எளிதில் விளங்கக்கூடியது. மூச்சை இழுக்கும்போது மூச்சுக்கிளைகள் சற்று விரிகின்றன. சிக்கிய பொருளின் ஓரமாகக் காற்று உள்ளே போகிறது. வெளிவிடும்போது கிளைகள் சுருங்கிப் பொருளைக் கவ்விக்கொள்கின்றன. காற்று வெளியே வர முடியாமல் தங்குகிறது. சைக்கிள் டியூபின் வால்வைப் போல, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே கூடுகிறதே தவிர வெளியேறுவதில்லை. அடைப்பு எப்படி நேர்கிறது என்பதைக் கொண்டு அதை வகை பிரித்தவர் அமெரிக்க மருத்துவர் ஷெவாலியே ஜாக்சன். அடைப்பு முழுமையாகிவிட்டாலோ நிலைமை தலைகீழாகும்: தங்கியிருக்கும் காற்று இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு, அந்தப் பகுதி சுருங்கி வெளுத்துத் தெரியும். கடலை, உளுந்து, பயறு போன்றவை ஈரத்தில் ஊறிப் பெருப்பதால், முதல் வாரத்தில் கறுத்துப் பெருத்துத் தெரிந்த அதே நுரையீரல் சில நாட்களுக்குப் பின் சுருங்கி வெளுத்துத் தெரியக்கூடும். இரண்டு தேதிகளில் எடுத்த படங்கள் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால் அதற்காகப் படங்களைக் குறை சொல்லாமல், அடைப்பு மாறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கடலையை எக்ஸ்ரேயில் நேரடியாகத் தேடுவதில் பயனில்லை. அதன் அடர்த்தி உடலின் மென்திசுவின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால் அது பின்னணியில் கரைந்துபோகும். ஊக்கு, திருகாணி, நாணயம் போன்ற உலோகப் பொருட்கள் தாமே வெளிப்படும். பருப்பும் விதையும் தம் விளைவால் மட்டுமே வெளிப்படும். அந்த விளைவும்கூட எல்லாக் குழந்தைகளிலும் தெரிவதில்லை. பொருள் உள்ளே இருந்தும் எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாக இருப்பது இத்துறையில் அறிந்த செய்தி. எனவே புரையேறிய வரலாறு தெளிவாக இருந்தால், படம் இயல்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இரண்டாவது படம்

பெரியவரிடம் ‘மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்கள்’ என்று சொல்லலாம். ஒன்றரை வயதுக் குழந்தையிடம் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு 44 முறை மூச்சு விடும் குழந்தைக்கு ஒரு முழு மூச்சு ஒன்றரை விநாடிக்கும் குறைவு. அதில் வெளிவிடும் பாதியின் இறுதிக் கணத்தில் படம் எடுக்க வேண்டும். எங்கள் ரேடியோகிராபர் கையாளும் முறை, குழந்தையின் மேல்வயிற்றைக் கவனிப்பதும் அழுகையைக் கேட்பதும் ஆகும். அழும் குழந்தை ஒலியெழுப்பும் நேரமெல்லாம் மூச்சை வெளிவிடுகிறது. நீண்ட அழுகை ஓய்ந்து அடுத்த மூச்சு உள்ளே போவதற்கு முந்தைய கணத்தில் நுரையீரல் மிகச் சுருங்கியிருக்கும். குழந்தையின் அழுகையை நிறுத்திவிட்டுப் படம் எடுக்க எல்லோரும் முயல்வோம். இந்தப் படத்துக்கு மட்டும் அழுகை உதவிக்கு வருகிறது.

தாய் கருவுற்றிருக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்து, அவருக்கு ஈய ஏப்ரன் அணிவித்து, குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் செய்தோம். கதிர்வீச்சுப் பிரிவின் ஊழியர்கள் வழக்கமாகக் குழந்தைகளைப் பிடிக்கக் கூடாது. ஒருவர் ஒருமுறை பிடிக்கும்போது பெறும் கதிர்வீச்சு சிறிது. நாள்தோறும் என்றால் அது கூடும்.

கிடைத்த படத்தில் ஐயத்துக்கு இடமில்லை. வலது நுரையீரல், மூச்சை வெளிவிடும்போது எப்படிச் சுருங்க வேண்டுமோ அப்படிச் சுருங்கி வெளுத்திருந்தது. வல உதரவிதானம் உயர்ந்திருந்தது. இடது நுரையீரல் முதல் படத்தில் இருந்த அளவிலேயே கறுத்து நின்றது. இட உதரவிதானம் அசையவில்லை. இதயமும் நடுமார்பும் வலப்பக்கம் தள்ளப்பட்டிருந்தன. காற்று சிறைப்பட்டது இடப்பக்கம். நிமோனியா என்று எண்ணப்பட்ட வலது நுரையீரல் நலமாகவே இருந்தது.

மூச்சுக்கிளையில் நுழையும் பொருள் வலப்பக்கமே போகும் என்று பாடத்தில் படித்திருப்போம். வலது கிளை அகன்றும் செங்குத்தாகவும் இருப்பது அதற்குக் காரணம். சிறு குழந்தைகளில் இரு கிளைகளுக்கும் இடையிலான கோண வேறுபாடு அவ்வளவு பெரிதில்லை. இடப்பக்கம் சிக்குவது அரிதல்ல.

வேறு எவை இருக்கக்கூடும்

ஒருபக்க நுரையீரல் காற்றால் பெருத்திருப்பதற்கு இந்தியாவில் மறக்கக் கூடாத காரணம் காசநோய். குழந்தைகளின் முதல்நிலைக் காசநோயில் நிணநீர்க் கணுக்கள் வீங்கி மூச்சுக்கிளையை வெளியிலிருந்து அழுத்தும். படம் ஏறத்தாழ இதே போலத் தோன்றும். இந்தக் குழந்தையின் வீட்டில் நாட்பட்ட இருமல் உள்ளவர் இல்லை, எடை குறையவில்லை, படங்களில் கணுக்களின் நிழல் தெரியவில்லை. பிறவியிலேயே நுரையீரலின் ஒரு மடல் (பகுதி) காற்றால் பெருத்திருக்கும் நோய் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே வெளிப்பட்டிருக்கும். ஆஸ்துமாவும் மூச்சுச்சிறுகுழாய் அழற்சியும் இருபுறமும் காற்றைத் தேக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, திண்ணையில் நடந்த அந்த நிகழ்வு நம் கையில் இருந்தது.

சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாமே என்ற யோசனை அன்று எழுந்தது. கதிர்வீச்சைக் குறைத்து எடுக்கும் சி.டி. இன்று இந்த நோயில் மிகவும் பயனுள்ள கருவி. வரலாறு தெளிவில்லாமலும் எக்ஸ்ரே ஐயத்துக்கிடமாகவும் இருக்கும்போது தேவையற்ற மயக்க மருந்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றும். ஆனால் இங்கே வரலாறு, மருத்துவப் பரிசோதனை, படம் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தைச் சுட்டின, சி.டி. என்ன காட்டினாலும் மூச்சுக்கிளைக்குள் குழலைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியைத் தவிர்க்க முடியாது. முடிவை மாற்றாத பரிசோதனையைக் குழந்தைக்குச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரியவருக்கு எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட். உலகச் சராசரியில் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பதால், அது ஏறத்தாழ மூன்று நாள் இயற்கையிலிருந்து நாம் பெறுவதற்குச் சமம். சி.டி. எவ்வளவு குறைத்தாலும் அதைவிடப் பல மடங்கு. வளரும் திசுக்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிப்படையக்கூடியவை. அந்தப் பாதிப்பு வெளிப்பட அவர்களுக்கு முன்னால் நெடிய ஆயுளும் இருக்கிறது.

சிகிச்சையும் அதன் பின்னும்

குழந்தைகளுக்கான பிராங்கோஸ்கோப்பி வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் குழந்தை அனுப்பப்பட்டது. வழியில் பொருள் இடம்பெயர்ந்து மூச்சுக்குழாயின் மேற்பகுதிக்கு வந்துவிட்டால் இரு நுரையீரல்களுக்கும் காற்று நின்றுபோகும். ஆகவே தாயின் மடியில் நிமிர்த்தி உட்காரவைக்கவும், உணவும் பாலும் கொடுக்காதிருக்கவும், முதுகைத் தட்டிச் சளி இறக்கும் சிகிச்சை எதுவும் செய்யாதிருக்கவும் எழுதிக்கொடுத்தோம். இரண்டு படங்களும் கூடவே சென்றன. ‘இடது முதன்மை மூச்சுக்கிளை’ என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதினேன். பழைய அறிக்கையில் ‘வலது’ என்று இருக்கும் நிலையில் அறுவை அரங்கில் குழப்பம் நேரக் கூடாது.

மூச்சுக்கிளையில் சிக்கிய பொருளைக் கருவி கொண்டு முதன்முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர மருத்துவர் குஸ்தாவ் கில்லியான். ஆண்டு 1897, எடுத்தது ஓர் எலும்புத் துண்டு. ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்றும் குழந்தைகளில் முழு மயக்கத்தில் வளையாத குழலைச் செலுத்தி, அதன் வழியே மூச்சும் கொடுத்துக்கொண்டு, இடுக்கியால் எடுப்பதே முறை. இந்தக் குழந்தையின் இடது கிளையில் பிளந்த பருப்பின் ஒரு பாதி இருந்தது. அதைச் சுற்றிச் சவ்வு சிவந்து வீங்கிச் சதை வளரத் தொடங்கியிருந்தது. கடலையின் எண்ணெய் சவ்வைக் கடுமையாக அரிக்கும். பெரிய துண்டை எடுத்த பின் மீண்டும் உள்ளே பார்த்தபோது இடக் கீழ்மடலின் வாயில் சிறு துண்டு ஒன்றும் கிடைத்து அகற்றப்பட்டது. ஈரத்தில் ஊறிய கடலை இடுக்கியின் பிடியில் நொறுங்கக்கூடியது என்பதால் இந்த இரண்டாம் பார்வை கட்டாயம்.

மறுநாள் எடுத்த படத்தில் இரண்டு நுரையீரல்களும் ஒத்த நிறத்தில், ஒத்த அளவில் இருந்தன. தொற்றுக்கான மருந்தை முடித்துக் குழந்தை வீடு திரும்பியது.

வீட்டுக்கு அனுப்பும்போது தாயிடமும் அப்பாயியிடமும் பேசினோம். தரையில் சிந்திய கடலையை அப்பாயி குற்ற உணர்வோடு திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொல்லாதிருந்தால் நோய் இன்னும் பல வாரம் மறைந்திருக்கும் என்று அவரிடம் விளக்கினோம். கடைவாய்ப் பற்கள் முளைத்து, அரைத்து விழுங்கும் திறன் வரும் வரை, குறைந்தது நான்கு வயது வரை, முழுக்கடலையோ பிளந்த பருப்போ கொடுக்க வேண்டாம் என்றோம். புரையேறிய குழந்தை ஓசையோடு இருமினால் இருமவிட வேண்டும். குரல் எழாமல் முகம் நீலம் பாரித்தால் முன்பக்கம் சாய்த்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகில் ஐந்து முறை பலமாகத் தட்டவும், அதில் வெளிவராவிட்டால் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மேல்வயிற்றிலும், அதற்குக் குறைந்த குழந்தைக்கு மார்பிலும் ஐந்து முறை அழுத்தவும் செய்து காட்டினோம். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும் என்பதைத் தனியாகச் சொன்னோம்.

ஆறு வாரத்துக்குப் பின் வந்தபோது இருமல் இல்லை. இடப்பக்க மூச்சொலி திரும்பியிருந்தது. பொருள் நீண்ட நாள் தங்கிய இடத்தில் மூச்சுக்கிளைகள் நிரந்தரமாக விரிந்து சிதைவது உண்டு என்பதால், இடக் கீழ்மடலில் மீண்டும் மீண்டும் தொற்று வருகிறதா என்று ஓராண்டு கவனிக்குமாறு குழந்தைகள் நல மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன். அப்படி வந்தால் அப்போது சி.டி. எடுக்க வேண்டியிருக்கும், வராவிட்டால் இந்தக் குழந்தைக்கு இனி மார்புப் படம் எதுவும் தேவையில்லை.